பனிக்கு வழிவிட்ட கப்பல்: ஆஸ்லோ நாட்குறிப்பு

வியாழன்

அக்கா ஆஸ்லோவில் குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் "எப்பல வர்ற?" என்று கேட்பாள். இந்தச் செப்டம்பரில்தான் கூடிவந்தது. தூத்துக்குடியில் கிளம்பும்போது வெயில் 36 டிகிரி. இங்கே இறங்கியபோது 11. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கூட்டிப்போக வந்த அத்தான் அரைக்கை சட்டையில் நிற்கிறார்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "என்ன மாப்ள பாக்கணும்? எல்லாரும் ஓபரா ஹவுஸ் கூரையில ஏறி போட்டோ எடுப்பாங்க."

"ஃபிராம் பாக்கணும் அத்தான்."

"பழைய மரக்கப்பலா? தண்டல் பேரன் வேற எதக் கேப்பான்!"

எங்கள் தாத்தா கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப்போன தோணியில் தண்டல், அதாவது தோணியின் கேப்டன். மரக்கலம் எங்கே கிடந்தாலும் அதன் அடிவயிற்றைப் போய்ப் பார்க்கும் வியாதி எனக்கு அவரிடமிருந்து வந்தது.

பத்து வயது மருமகன் அறையில் எனக்குப் படுக்கை. இரட்டைக் கட்டிலில் மேல்தட்டு அவனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. விளக்கை அணைத்த பிறகு மேலேயிருந்து குரல் வந்தது. "மாமா, ஃபிராம்னா 'முன்னால'ன்னு அர்த்தம். ஸ்கூல்ல சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். பொய்தான். அவன் சந்தோஷமாகத் தூங்கிப்போனான்.

வெள்ளி

மருமகனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நகராட்சி மண்டபத்துக்கு எதிரே இருக்கும் துறையில் படகு ஏறினோம். கால் மணி நேரத்துக்குள் பிக்டோய் தீபகற்பம். மியூசியங்கள் வரிசையாக இருக்கும் இடம். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதே அந்தக் கட்டடம் தெரிந்துவிடுகிறது. சுவரே இல்லாமல் கூரை மட்டும் தரையில் ஊன்றி நிற்பதுபோல் ஒரு முக்கோணம். 1935-ல் கப்பலைக் கரையேற்றி, அதைச் சுற்றித்தான் இந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள். 1936 மே 20 அன்று மன்னர் ஏழாம் ஹோகோன் வந்து திறந்துவைத்தார்.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே அணியம், கப்பலின் முன்முனை, நிற்கிறது. ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை. அழகில் மயங்கி அல்ல. அழகான மரக்கப்பல்கள் பார்த்திருக்கிறேன், இது அந்த ஜாதியே இல்லை. நீளம் 39 மீட்டர், அகலம் 11. பாதியாக உடைத்த தேங்காய் மூடிக்கு மூன்று பாய்மரம் நட்டதுபோல் ஒரு குண்டுக் கப்பல். தாத்தா பார்த்திருந்தால் "இது என்னலே, கப்பலா, குதிரா?" என்றிருப்பார்.

ஆனால் அந்தக் குண்டு வயிற்றில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கால்சட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

1881-ல் ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் சிக்கி நசுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து, உலகத்தின் மறுபக்கத்தில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் சில பொருட்கள் பனிப்பாளத்தோடு வந்து ஒதுங்கின. அந்தக் கப்பலின் சாமான் பட்டியல் ஒன்று, ஒரு மாலுமியின் எண்ணெய்த்துணிக் கால்சட்டை, இன்னும் சில. ஹென்ரிக் மோன் என்ற வானிலைப் பேராசிரியர் கணக்குப் போட்டார். சைபீரியாவில் மூழ்கிய கப்பலின் சாமான் கிரீன்லாந்துக்கு வருகிறது என்றால், நடுவில் துருவக் கடலைக் கடந்து ஒரு நீரோட்டம் போகிறது. அதைப் படித்த ஃப்ரித்யோஃப் நான்சென் என்ற இளைஞர் அடுத்த கணக்கைப் போட்டார். கால்சட்டை போகிற வழியில் கப்பலும் போகலாமே? வேண்டுமென்றே பனியில் மாட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்புக்கு மிதந்தால், வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

லண்டனில் அனுபவசாலி மாலுமிகள் பலரும் தலையை ஆட்டினார்கள், குறுக்காக. வடக்கே போய்ப் பட்டினியில் பாதி உயிராகத் திரும்பிய அமெரிக்கர் கிரீலி, இது தற்கொலைத் திட்டம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அதுவரை பனியில் சிக்கிய கப்பல்களின் கதி அப்படித்தான் இருந்தது.

நான்செனுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தவர் காலின் ஆர்ச்சர். பனியோடு முட்டி ஜெயிக்கிற கப்பலை அவர் கட்டவில்லை. பக்கங்களை உருட்டிவிட்டார். இரண்டு பக்கமும் பனி நெருக்கினால் பிடிக்க ஓர் இடுக்கு, ஒரு விளிம்பு கிடைக்கக் கூடாது. விலாங்கு மாதிரி வழுக்கி மேலே ஏறிவிட வேண்டும் என்பது நான்செனின் கணக்கு. ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வெளியே மூன்று அங்குலம்தான் துருத்துகிறது. சுக்கானையும் கப்பலை உந்தும் விசிறியையும் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளக் கிணறு மாதிரி இரண்டு பொந்துகள். பக்கச்சுவரின் தடிமன் முக்கால் மீட்டர் அளவுக்கு வருகிறது. வெளித்தோலுக்கு கிரீன்ஹார்ட் என்னும் இரும்பு போன்ற மரம்.

கீழே நின்று அந்த வயிற்றைத் தடவிப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தோணியில் கலப்பத்து அடித்த இடம், பலகை இடுக்கை அடைத்த இடம், விரலுக்குத் தட்டும். இதுவும் அப்படித்தான் தட்டியது. மருமகன் என் கையைப் பிடித்து இழுத்தான். தொடக்கூடாதாம். நான் அந்தப் பலகையைப் பார்க்கவே இல்லை.

மூன்று தளங்களில் கண்காட்சி கப்பலைச் சுற்றிப் போகிறது. மேல்தளத்திலிருந்து ஒரு நடைபாலம் வழியாகக் கப்பலுக்குள்ளேயே இறங்கலாம். மேல்தட்டில் நின்றால் சுற்றிலும் திரைகளில் கடல் அலையும், பிறகு விளக்கெல்லாம் மங்கி, வடக்கொளி பச்சையாக நெளியும். குழந்தைகள் ஓவென்று கத்துகின்றன. எனக்கு அது கொஞ்சம் திருவிழாப் பொருட்காட்சி மாதிரித்தான் பட்டது. படியிறங்கிக் கீழே போனேன்.

கீழேதான் உண்மையான கப்பல். நடுவில் சாப்பாட்டுக்கூடம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். என் கட்டிலின் கீழ்த்தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சுவருக்குள் தார்த்துணி, தக்கை, கம்பளி, மான்மயிர் என்று அடுக்கடுக்காக அடைத்துக் குளிரைத் தடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு காற்றாலை வைத்து அதில் மின்விளக்கு எரித்திருக்கிறார்கள். 1893-ல்! அறுநூறு புத்தகம் கொண்ட நூலகம் வேறு. இயந்திரம் பக்கம் போனால் விட்டங்களும் முட்டுக்கட்டைகளும் குறுக்கும் நெடுக்குமாகச் சிலந்தி வலை மாதிரி. குனிந்து, நெளிந்து, தலையில் இரண்டு இடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பதின்மூன்று பேர் இதற்குள் மூன்று வருஷம் இருந்தார்கள். 1893 ஜூனில் கிளம்பி, செப்டம்பரில் பனியில் உறைந்தது. அதற்குப் பிறகு எந்தத் திசைக்கும் திருப்ப முடியாது. பனி வடக்கே போனால் வடக்கே, பின்னால் போனால் பின்னால். 'முன்னால்' என்று பேர் வைத்த கப்பல் சில மாசம் பின்னால் மிதந்தது. அந்த நாட்களில் நான்செனின் மனநிலை படுமோசம் என்பது தெரிந்த கதை. சும்மா இருக்கவும் இல்லை அவர்கள். துருவக்கடல் ஆழம் குறைவு என்று நினைத்துச் சின்னக் கயிறுதான் கொண்டுபோயிருந்தார்கள். எட்டவில்லை. கப்பலின் எஃகு வடத்தைப் புரிபுரியாகப் பிரித்து, மறுபடி முறுக்கி, ஆயிரக்கணக்கான மீட்டருக்குக் கயிறு திரித்து இறக்கினார்கள். ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியது. பனி காற்று வீசும் திசையிலேயே போகாமல் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கிப் போவதையும் நான்சென் குறித்து வைத்தார். பூமி சுழல்வதால் வரும் விலகல் அது. பின்னால் எக்மன் என்ற ஸ்வீடன் அறிஞர் அதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் கடலியல் படிக்கிற பிள்ளைகள் அதில்தான் முழி பிதுங்குகிறார்கள்.

1895 ஜனவரியில் ஒரு பெரிய பனி நெருக்கல். கப்பல் போய்விடும் என்று பயந்து சாமான்களைப் பனிமேல் இறக்கிவைத்தார்கள். கப்பல் முனகியது, கிறீச்சிட்டது, மேலே ஏறியது. ஆர்ச்சரின் கணக்கு பலித்துவிட்டது.

ஆனால் துருவத்துக்கு நேரே மிதக்காது என்றும் தெரிந்துவிட்டது. நான்சென் யல்மார் யொஹான்செனைச் சேர்த்துக்கொண்டு மார்ச் 14 அன்று நாய்வண்டிகளோடு இறங்கிப் போனார். 86 டிகிரி 14 நிமிடம் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. திரும்பும் வழியில் குளிர்காலம் பிடித்துக்கொள்ள, ஃபிரான்ஸ் யோசெஃப் தீவுக்கூட்டத்தில் கல்லும் வால்ரஸ் தோலும் வைத்துக் குடிசை கட்டி, பனிக்கரடி இறைச்சி தின்று, ஒரே தூக்கப்பைக்குள் இரண்டு பேரும் கிடந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம். அந்தக் காலத்து நார்வே மொழியில் நம்மைப் போலவே 'நீ'யும் 'நீங்க'ளும் உண்டு. படித்த மனிதர்களுக்குள் 'நீங்கள்'தான். இந்த இரண்டு பேரும் மாசக்கணக்கில் ஒரே பையில் உடம்போடு உடம்பாகப் படுத்துக்கொண்டும் மரியாதை விடாமல் 'நீங்கள்' போட்டே பேசியிருக்கிறார்கள். 1895-ன் கடைசி இரவில்தான் நான்சென், இனி நாம் 'நீ' என்றே பேசிக்கொள்ளலாமே என்றாராம். இதைச் சொன்னதும் மருமகன் சிரித்துக் குலுங்கினான். இப்போது இந்த ஊரில் டீச்சரையும் 'நீ'தான், பிரதமரையும் 'நீ'தான். அவனுக்கு 'நீங்க' என்பதே வீட்டுக்குள் மட்டும், தமிழில் மட்டும் இருக்கிற சங்கதி.

1896 ஆகஸ்ட் 13 அன்று நான்சென் ஓர் ஆங்கிலேயரின் கப்பலில் வார்டோ துறைமுகம் வந்து இறங்கினார். அதே நாள், யாருக்கும் தெரியாமல், ஃபிராம் பனியிலிருந்து விடுபட்டுத் திறந்த கடலுக்கு வந்தது. கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆஸ்லோ முழுக்க நான்சென் பேர்தான். என்னைக் கேட்டால் ஆட்டோ ஸ்வெர்த்ரூப் பேரைத்தான் சொல்வேன். நான்சென் இறங்கிப் போன பிறகு மிச்சம் பத்துப் பேரையும் கப்பலையும் பார்த்துக்கொண்ட கேப்டன் அவர். ஒரு ஆள் சாகவில்லை, ஒருவருக்கும் ஸ்கர்வி வரவில்லை. பிறகு 1898 முதல் 1902 வரை இதே கப்பலில் போய் கனடாவின் வடக்கே பெரும் தீவுகளுக்கு வரைபடம் போட்டார். செலவுக்குப் பணம் கொடுத்த பீர் கம்பெனி முதலாளிகள் பேரையே தீவுகளுக்கு வைத்தார். வயதான காலத்தில் இந்தக் கப்பல் கிடந்து மக்காமல் காப்பாற்ற அலைந்தவரும் அவர்தான். கனடா அவருடைய வரைபடங்களுக்கு 67,000 டாலர் கொடுத்தது 1930 நவம்பரில். அதே மாசம் செத்துப்போனார். மியூசியத்தைப் பார்க்கவில்லை. இறங்கிப் போகிறவனைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். தண்டல் பேரனுக்குக் கப்பலோடு இருந்தவன்மேல்தான் கண்.

மூன்றாவது பயணம் அமுண்ட்சென் என்ற இன்னொரு நார்வேக்காரருடையது. வடதுருவம் போகிறேன் என்று நான்செனிடம் கப்பலை வாங்கிக்கொண்டு, மதேராத் தீவில் நங்கூரம் போட்ட பிறகுதான் 1910 செப்டம்பரில் ஆட்களிடம், போவது தென்துருவத்துக்கு என்றார். அதே தென்துருவத்துக்கு ஏற்கெனவே கிளம்பியிருந்த ஆங்கிலேயர் ஸ்காட்டுக்கு ஒரு வரித் தந்தி. அடுத்த வருஷம் டிசம்பர் 14 அன்று ஐந்து பேர் தென்துருவத்தில் நின்றார்கள். அதில் யொஹான்சென் இல்லை. செப்டம்பரிலேயே அவசரப்பட்டுக் கிளம்பி, குளிர் தாங்காமல் திரும்பியபோது அமுண்ட்சென் பின்னால் வந்தவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டார். அதை எல்லார் முன்னாலும் கேட்டவர் யொஹான்சென். கேட்டதற்குத் துருவப் பயணத்திலிருந்தே நீக்கம். 1913 ஜனவரியில் இதே நகரத்தில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார்.

இதை மருமகனிடம் சொல்லவில்லை. அவனுக்கு வேறு கவலை. ஒரு படத்தின் முன்னால் நின்று, "எத்தன நாய் போச்சு மாமா?" என்றான்.

"அம்பத்திரண்டு."

"எத்தன திரும்பி வந்துச்சு?"

"பதினொண்ணு."

"மிச்சம்?"

பசிக்குது, ஏதாவது சாப்பிடலாமா என்றேன். அவன் நகரவில்லை. அங்கே எழுதியிருந்ததை அவனே நார்வே மொழியில் படித்துத் தெரிந்துகொண்டான். நாய்களை வழியில் கொன்று, மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் இறைச்சியாக்கியது முதலிலிருந்தே போட்ட திட்டம். படகில் திரும்பும்வரை என்னோடு பேசவில்லை, நான் கொன்ற மாதிரி.

சனி

மழை. பேருந்து 30-ல் போனோம். நேற்றே மூடும் மணி அடித்துவிட்டதால், அமுண்ட்செனின் இன்னொரு கப்பல் யோவாவைப் பார்க்க இன்னொரு டிக்கெட். அத்தானும் வந்தார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் உள்ளே வந்ததில்லையாம்.

ஃபிராம் கட்டடத்திலிருந்து ஒரு சுரங்கப்பாதை வழியாகப் பக்கத்துக் கட்டடம். போகிற வழியில் துருவக் குளிரைக் காட்டுகிற ஓர் அறை இருக்கிறது. அத்தான் "இதெல்லாம் ஜனவரியில எங்க பஸ் ஸ்டாப்" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டினார்.

ஃபிராமுக்குப் பிறகு யோவாவைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 21 மீட்டர். எங்கள் தோணி இதைவிடப் பெரிசு. 1872-ல் ஹெர்ரிங் மீன் பிடிக்கக் கட்டிய ஒற்றைப் பாய்மரப் படகு. அமுண்ட்சென் பிறந்ததும் அதே வருஷம். கடன்காரர்கள் துரத்த, 1903 ஜூன் மாத நள்ளிரவில், கொட்டும் மழையில், ஆறு பேரோடு கிளம்பினார். அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கே போய் பசிபிக்கில் ஏறுகிற வழியைத் தேடி முந்நூறு நானூறு வருஷமாகப் பெரிய பெரிய கப்பல்கள் போயிருந்தன. ஆழம் குறைந்த, பாறை நிறைந்த கால்வாய் அது. பெரிய கப்பல் தரை தட்டும் இடத்தில் இந்தச் சுண்டைக்காய் நழுவிப் போனது.

கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கினார்கள். என் மனதில் நிற்பது இதுதான். இதே தீவுப் பக்கம்தான் 1845-ல் கிளம்பிய ஃபிராங்க்ளின் குழு, இரண்டு போர்க்கப்பல், 129 பேர், பட்டினியிலும் நோயிலும் ஒருவர் மிச்சமில்லாமல் செத்தார்கள். அதே இடத்தில் நெட்சிலிக் இனுயிட் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அமுண்ட்சென் அவர்களிடம் போய்ப் படித்தார். மான்தோலைத் தொளதொளவென்று எப்படி உடுத்துவது, பனிவீடு எப்படிக் கட்டுவது, நாயை எப்படி ஓட்டுவது. தென்துருவத்தில் அவர் ஜெயித்தது இந்த இரண்டு வருஷப் படிப்பால்தான் என்பேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பாதிப் பேர் துப்பாக்கியையும் திசைகாட்டியையும்தான் பார்க்கிறார்கள். தோல்சட்டையைப் பாருங்கள்.

1905-ல் கடைசித் தடையைத் தாண்டியதும், அலாஸ்காவில் ஈகிள் என்ற ஊரில் தந்தி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் பனியில் போனார் மனிதர். நான்செனுக்கு அனுப்பிய அந்தத் தந்தி நடுவழியில் கசிந்து பத்திரிகைகளில் இலவசமாக வந்துவிட்டது. செய்தியை விற்றுக் கடனடைக்கலாம் என்ற கணக்கு போச்சு.

அத்தான் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டார்: சமையல்காரர் லிண்ட்ஸ்ட்ரோம். ஸ்வெர்த்ரூப்போடு ஃபிராமில், பிறகு யோவாவில், பிறகு தென்துருவ முகாமில் என்று மூன்று இடத்திலும் சமைத்த குண்டு மனிதர். தென்துருவ முகாமில் தினமும் காலையில் சுடச்சுட மரக்கோதுமைத் தோசை போட்டிருக்கிறார். "பாத்தியா மாப்ள, எல்லாரையும் உயிரோட வச்சிருந்தது இவருதான்." அத்தான் ஒரு ஹோட்டலில் சமையல் பார்க்கிறார்.

ஞாயிறு

லார்விக். ஆஸ்லோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அத்தானுக்கு வேலை, அக்காவுக்குக் கால்வலி. நானும் மருமகனும்.

காலின் ஆர்ச்சர் இங்கே 1832-ல் பிறந்தார். அப்பா அம்மா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். கடலோரமாகத் தொல்லெரொட்டன் என்ற இடத்தில் அவர் வளர்ந்த வீடு நிற்கிறது, மரவீடு, மரத்தடி, அமைதி. ஃபிராம் மாதிரி ஒன்று அவர் வேறு கட்டவில்லை. அவர் பேர்பெற்றது வழிகாட்டிப் படகுகளுக்கும், புயலில் மீனவர்களைக் காப்பாற்றப் போகும் மீட்புப் படகுகளுக்கும்தான். இரண்டு முனையும் கூராக இருக்கும் அந்தப் படகு வகைக்கு இன்றைக்கும் அவர் பேர்தான். ஃபிராமைவிட அவைதான் அதிக உயிர்களைக் காத்திருக்கும்.

கடற்கரைப் பாறையில் மழை ஈரம். கருநீலத்தில் மினுமினுவென்று ஏதோ மின்னியது. எங்கேயோ பார்த்த கல். யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சமையல் மேடை. கிரானைட் கடைக்காரர்கள் 'புளூ பேர்ல்' என்று விற்பது இந்த ஊர்க் கல்தான்.

1892 அக்டோபர் 26 அன்று, இந்த விரிகுடாவில்தான் நான்செனின் மனைவி ஏவா ஷாம்பேன் பாட்டிலை அணியத்தில் உடைத்து, ஃபிராம் என்று பேர் சொன்னார். அந்தத் தேங்காய் மூடி சரிவில் வழுக்கி இறங்கியது. இப்போது அங்கே பாய்ப்படகுகளும் ஒரு கடல்காக்கைக் கூட்டமும். மருமகன் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக் காக்கைக்குப் போட்டான். நாய் விஷயம் இன்னும் மனசில் இருந்தது போலிருக்கிறது. "அந்தப் பதினொரு நாய்க்கும் நல்ல சாப்பாடு குடுத்திருப்பாங்கல்ல?" என்றான். குடுத்திருப்பாங்க என்றேன்.

ரயிலில் இருட்டத் தொடங்கியது. அவன் ஜன்னலில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் திரும்பினான்.

"மாமா, நாம நாலு நாளா ஒரே ரூம்லதான படுக்குறோம்?"

"ஆமா."

"அப்ப நான் உங்கள நீன்னு கூப்பிடவா?"

ஒரே பையில் படுத்தால்தான் கணக்கு, கட்டிலெல்லாம் கணக்கில் வராது என்றேன். அவன் கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் ஒரு பெரிய தூக்கப்பை இருக்கிறது, அப்பாவுடையது, மாடியில் கிடக்கிறது என்றான்.